மம்முவும் மம்மாவும்

"பிள்ளைக்கு என்ன கொடுக்கிறாய்?"

ஊரிலிருந்து என் தாயார் டெலிபோனில் பேசும்போதெல்லாம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். மாப்பிள்ளையின் உத்தியோகம், வீட்டு வாடகை, டோக்கியோ நகரத்துப் பூகம்பம் ஆகியவை எல்லாம் அதற்குப் பிறகுதான். "சோறுதான் அம்மா" என்பேன். "சோறென்றால் நம்ம சோறா, அவர்கள் சோறா?" என்று அடுத்த கேள்வி வரும். இந்த இரண்டாவது கேள்விக்குச் சரியான விடை கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷத்துக்குமேல் ஆயிற்று.

ஜப்பானியர் நம்மைப்போலவே அரிசியை நம்பி வாழ்கிறவர்கள். ஆகையால் அங்கே குடித்தனம் நடத்துவதில் சாப்பாட்டைப் பற்றிய கவலையே இராது என்று எண்ணித்தான் நானும் விமானம் ஏறினேன். அந்த எண்ணம் முழுவதும் பொய்யுமல்ல. சேப்பங்கிழங்கு, பரங்கிக்காய், சர்க்கரைவள்ளி எல்லாம் கடைத்தெருவில் சிரித்துக்கொண்டு வரவேற்கின்றன. கோடைகாலத்தில் வெண்டைக்காய்கூட, 'ஒகுரா' என்று பெயரை மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறது. நல்லெண்ணெய் மட்டும் என்னை ஏமாற்றிவிட்டது. எள்ளின் படம் போட்ட புட்டியை ஆசையோடு வாங்கிவந்து மிளகாய்ப்பொடியில் ஊற்றினேன். வீடெல்லாம் வறுத்த எள்ளின் வாசனை! அவர்கள் எள்ளை நன்றாக வறுத்தபின் ஆட்டுகிறார்கள். நம்முடையதைப் போன்ற வறுக்காத எண்ணெய் வெளுப்பாகத் தனியே இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

உளுந்தும் இட்லி அரிசியும் நிஷி-கஸாய் பேட்டையில் கிடைக்கும். அங்கே நம்மவர்கள் ஏராளமாகக் குடியிருக்கிறார்கள். ஆனால் மாவு அரைத்துவிட்டால் போதுமா? புளிக்க வேண்டாமா? தை மாதத்தில் டோக்கியோவின் இரவுக் குளிர் உறைநிலையை நெருங்கிவிடும். இரண்டு நாள் காத்திருந்தும் மாவு அசையாமல் கிடந்தது. அந்த ஊரில் தாழ்ந்த மேஜை ஒன்றின் அடியில் மின்சாரக் கணப்பைப் பொருத்தி, மேலே மெத்தையைப் போர்த்திவிடுவார்கள். 'கொதாத்ஸு' என்று பெயர். குளிர்காலத்தில் குடும்பம் முழுவதும் அதற்குள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எங்கள் கால்களோடு மாவுப் பாத்திரத்துக்கும் அங்கே ஓர் இடம் கொடுத்தேன். மறுநாள் காலையில் மாவு பொங்கி மெத்தையெல்லாம் வழிந்திருந்தது. என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு இட்லி சாப்பிட்ட பிறகு மெத்தையைத் தாமே துவைத்தார்.

தாய்நாட்டுச் சமையலுக்காக இந்த நகரத்தில் ஏங்கியவர்களில் நாங்கள் முதல்வர்கள் அல்ல. 1915-ஆம் வருஷம் ஆங்கிலேய அரசாங்கத்தின் கைக்குத் தப்பி ஜப்பானுக்கு வந்த ராஷ் பிஹாரி போஸுக்கு, ஷிஞ்ஜுகுவில் 'நகமுராயா' என்ற ரொட்டிக் கடை வைத்திருந்த ஸோமா தம்பதிகள் அடைக்கலம் கொடுத்தார்கள். அவர்களுடைய புதல்வி தோஷிகோவை 1918-இல் அவர் மணந்தார். கலியாணமான பிறகும் ஒற்றர்களுக்கு அஞ்சி, வீடு மாறி வீடு மாறிக் குடித்தனம் செய்ய வேண்டியிருந்தது. சின்னஞ்சிறு குழந்தைகள் இருவரை விட்டுவிட்டு 1925-இல் தோஷிகோ காலமானாள். 1927-இல் அந்தக் கடையில் போஸ் கற்றுக்கொடுத்த இந்தியக் கோழிக் குழம்பும் சோறும் பரிமாறத் தொடங்கினார்கள். இன்றைக்கும் அது அங்கே கிடைக்கிறது. உயிருக்குத் தப்பி ஓடிவந்த இடத்திலும் நாக்கு தன் ஊரை மறப்பதில்லை!

நிற்க. என் பெண் டோக்கியோவிலேயே பிறந்தவள். பிள்ளையுண்டானதைத் தெரிவித்ததும் நகராட்சி அலுவலகத்தில் ஒரு சிறு புத்தகம் கொடுத்தார்கள். தாய் சேய் கைப்புத்தகமென்று சொல்லலாம். 1948 முதல் அந்தப் பெயரால் வழங்கிவரும் இப்புத்தகத்தில் குழந்தையின் எடை, உயரம், ஊசி போட்ட தேதி எல்லாம் எழுதவேண்டும். எடை எந்த அளவுக்குள் இருக்கவேண்டுமென்று படமும் வரைந்திருக்கிறது.

குழந்தைக்கு முதல் ஆகாரம் என்னவென்று விசாரித்தேன். ஒரு பங்கு அரிசிக்குப் பத்துப் பங்கு நீர் விட்டுக் குழையக் காய்ச்சி மசித்த 'ஒகாயு' என்றார்கள். நம் கஞ்சியேதான்! அதில் உப்புக்கூடப் போடுவதில்லை. என் தாயாரிடம் சொன்னபோது, "இதைச் சொல்ல ஒரு ஜப்பான்காரி வேண்டுமாக்கும்" என்றாள்.

உண்மையான சோதனை அதற்குப் பிறகு வந்தது. நானும் வேலைக்குப் போகவேண்டியிருந்ததால், ஏப்ரல் மாதத்தில், 1 வயது 3 மாதத்தில், பெண்ணைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டோம். அங்கே தினந்தோறும் ஒரு குறிப்பேடு வீட்டுக்கும் காப்பகத்துக்குமாகப் போய்வரும். இரவில் என்ன சாப்பிட்டாள், எப்போது தூங்கினாள் என்று நாம் எழுத வேண்டும். பகலில் நடந்ததை ஆசிரியை எழுதுவாள். முதல் நாள், "இன்று ஒன்றும் சாப்பிடவில்லை" என்று எழுதியிருந்தது. இரண்டாம் நாளும் அதுவே. இரண்டு வாரம் அதே வாக்கியம்! கைப்புத்தகத்தில் எடைப் புள்ளி கீழே இறங்கியது. வீட்டிலிருந்து சாதம் பிசைந்து அனுப்புகிறேன் என்றேன். வெளி ஆகாரத்துக்கு அனுமதி இல்லை என்று வணக்கத்தோடு மறுத்துவிட்டார்கள். உத்தியோகத்தை உதறிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடிக்கே போய்விடலாமென்று ஓரிரவு பெட்டியைக்கூட இறக்கினேன்.

மறுநாள் ஆசிரியை என்னை உட்காரவைத்துப் பேசினாள். அங்கே தாய்மாரை 'ஒகாஸான்', அதாவது 'அம்மா' என்றே அழைப்பார்கள். "அம்மா, வீட்டில் குழந்தை எப்படிச் சாப்பிடுகிறாள்?" என்று கேட்டாள்.

'என்ன' என்று கேட்காமல் 'எப்படி' என்று கேட்டது எனக்கு வியப்பாயிருந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலண்டை நின்று, காக்கையைக் காட்டி (டோக்கியோவில் காக்கைக்குப் பஞ்சமே இல்லை), ரசஞ்சாதத்தை உருட்டி ஊட்டுவேன் என்றேன். 'கையால்' என்று சொல்லும்போது என் குரல் சற்றுத் தாழ்ந்தது. குச்சியால் உண்ணும் ஜனங்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம்.

அவள் புன்னகை செய்தாள். "இந்த வயதில் கையால்தான் சாப்பிடவேண்டும். இங்கேயும் அப்படித்தான். ஆனால் உங்கள் கையால் அல்ல, அவள் கையால்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. என் பெண் அவர்கள் சோற்றை வெறுக்கவில்லை. காக்கையும் இல்லாமல், இடுப்பும் இல்லாமல், எதிரே வைத்த சோறு யார் கையால் வாய்க்கு வருமென்று காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்! வயிறு நிறையவேண்டுமென்ற ஆத்திரத்தில், அவளுக்கும் ஒரு கை உண்டென்பதை நான் மறந்துவிட்டேன்.

அன்றிரவே தரையில் பழைய பத்திரிகைகளை விரித்து அவளை உட்காரவைத்தேன். இட்லியை விரல் நீளத்துக்கு நறுக்கினேன். தயிர்சாதத்தைச் சிறு உருண்டைகளாகப் பிடித்தேன். அந்த ஊர் ஒட்டுகிற அரிசி இதற்கென்றே படைத்ததுபோல் இருக்கிறது. வேகவைத்த பரங்கித் துண்டுகளையும் வைத்தேன். முதல் நாள் தலையிலும் தரையிலும் போனது போக வாய்க்குள் போனது சொற்பம். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் மகா கஷ்டம்! ஆனால் ஒரு வாரத்தில் உருண்டைகள் வாயைக் கண்டுபிடித்தன.

சகோதரிகளுக்கு ஓர் எச்சரிக்கை. கையில் கொடுக்கலாமென்றால் எதையும் கொடுக்கலாமென்பதல்ல. வேர்க்கடலை, பொட்டுக்கடலை போன்ற கெட்டியான பருப்புவகைகள் மூச்சுக்குழலில் சிக்கிவிடும். ஐந்து வயது வரையில் இவற்றைக் கொடுக்கவே வேண்டாமென்று ஜப்பானிய அரசாங்கம் 2021-இல் எச்சரித்திருக்கிறது. திராட்சைப்பழத்தையும் நீளவாக்கில் நான்காக நறுக்கியே கொடுக்கவேண்டும். குழந்தை சாப்பிடும்போது பக்கத்தில் ஒருவர் இருந்தே தீரவேண்டும்.

மூன்றாவது வாரம் குறிப்பேட்டில், "இன்று முழுவதும் சாப்பிட்டாள்; ஸூப் இரண்டாந்தரம் கேட்டாள்" என்று எழுதியிருந்தது. அந்த ஸூப்பைச் செய்யக் கற்றுக்கொண்டேன். சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டிக் கட்டைபோல் உலர்த்தி, சீவிக் கொதிநீரில் போட்டு எடுக்கிற சாறுதான் அதற்கு ஆதாரம். முதல் கொதியிலேயே திடுக்கிட்டேன். எங்கள் ஊர் மாசிக்கருவாட்டின் மணம்! மீன் உண்ணாதவர்கள் கடற்பாசியிலும் உலர்ந்த காளானிலும் சாறு எடுக்கலாம்.

இப்போது அவளுக்கு இரண்டு வயதாகிறது. உட்கார்ந்ததும், காப்பகத்தில் பழகியபடி இரண்டு கைகளையும் கூப்பி, "இதாதகிமாஸ்" என்கிறாள். பெற்றுக்கொள்கிறேன் என்று அதற்குப் பொருள். பிறகு தட்டிலுள்ள ரசஞ்சாதத்தில் வலக்கையைப் போடுகிறாள்.

சோற்றுக்கு நம் குழந்தைகள் 'மம்மு' என்கிறார்கள். ஜப்பானியக் குழந்தைகள் 'மம்மா' என்கிறார்கள். என் பெண் இரண்டையும் சொல்கிறாள். நேற்று என் தாயார் வழக்கம்போல், "நம்ம சோறா, அவர்கள் சோறா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள், குழந்தை டெலிபோனைப் பிடுங்கிக்கொண்டு, "ஆச்சி, என் மம்மு!" என்றாள்.