மெலிந்தவர் காட்டிய மல்வித்தை

உடல்வலியில் மிக்கவனும் குறைந்தவனும் கைகலந்தால் வெற்றி யார் பக்கம் என்பதில் உலகோர்க்கு ஐயம் இருப்பதில்லை. ஆயினும் 1993-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் டென்வர் நகரில், இந்தப் பழைய நம்பிக்கை ஒரே இரவில் ஆட்டங்கண்டது. ஏறத்தாழ 80 கிலோகிராம் எடையுள்ள, நெடிது மெலிந்த 26 வயது இளைஞர் ஒருவர், தம்மினும் கனத்த மூவரை ஒருவர் பின் ஒருவராகப் பணியவைத்தார். அவர் பெயர் ராய்ஸ் கிரேசி, நாடு பிரேசில். போர்த்துக்கீசிய மொழியில் சொல்லின் முதலில் நிற்கும் ரகரம் பிரேசில் மக்கள் நாவில் ஹகரம் போல ஒலிக்குமாதலால், அவர் நாட்டார் அப்பெயரைச் சிறிது வேறாகவே சொல்லுவர். உலகம் வழங்கும் வடிவத்தையே நாம் இங்குக் கொள்கிறோம்.

குத்து, உதை, மல்யுத்தப் பிடி, மூட்டைப் பூட்டுதல் ஆகிய யாவும் ஒருங்கே செல்லும் போட்டிக்கு இன்று கலப்புப் போர்க்கலை என்று பெயர். அதில் மிகப் புகழ்பெற்றது அல்டிமேட் ஃபைட்டிங் சாம்பியன்ஷிப் என்னும் போட்டித் தொடர். அதன் முதல் வெற்றியாளர் ராய்ஸ். ஆனால் அவருடைய வரலாற்றை வெற்றி தோல்விக் கணக்காக மட்டும் படித்தால் அதன் சாரத்தை நாம் தவறவிடுவோம். அது ஒரு வித்தை கடல் கடந்து, ஒரு குடும்பத்தின் தனிச்சொத்தாய் வளர்ந்து, பின்பு உலகின் பொதுச்சொத்தாய் மாறிய வரலாறும் ஆகும்.

இதன் வேரைக் காண நாம் முதலில் ஜப்பானுக்குச் செல்லவேண்டும். 1882-இல் டோக்கியோ நகரில் ஜிகோரோ கானோ என்னும் ஆசிரியர் கோடோகன் என்ற பள்ளியை நிறுவினார். பழைய ஜுஜுத்சு வித்தையிலிருந்து பெருந்தீங்கு விளைக்கும் முறைகளைப் பயிற்சிப் போட்டியினின்று விலக்கி, இளைஞர் நாள்தோறும் முழு முயற்சியோடு பழகத்தக்க ஜூடோவாக அதை வகுத்தார். அப்பள்ளியில் தேர்ந்த மிட்சுயோ மயேடா என்பவர் 1904-இல் தாய்நாட்டை விட்டுப் புறப்பட்டு, பல நாடுகளில் கோதாவில் இறங்கிப் பொருதபின், 1914-இல் பிரேசிலை அடைந்தார். அமேசான் ஆற்றின் கழிமுகப் பகுதியிலுள்ள பெலெம் என்னும் துறைமுக நகரில் குடியமர்ந்து, அங்கே வந்த ஜப்பானியக் குடியேறிகளுக்குத் துணைநின்று, 1941-இல் அவ்வூரிலேயே காலமானார்.

வேற்றூரில் வாழ்வு தேடிச் செல்வோர் கையோடு கொண்டுசெல்லும் செல்வத்தில் பெட்டிக்குள் அடங்காதது ஒன்று உண்டு. மொழி, சமையல், இசை, கைத்தொழில் ஆகிய இவற்றைத் தம்மவருக்குள்ளேயே காத்து வைத்துக்கொள்வதா, அயலார் பிள்ளைகளுக்கும் கற்பித்துக் கொடுப்பதா என்னும் கேள்வி, தாயகத்தை விட்டு வாழும் நமக்கும் புதியதன்று. மயேடா கற்பித்தார். அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் கார்லோஸ் கிரேசி. ஸ்காட்லாந்திலிருந்து முன்னாளில் வந்து குடியேறிய மரபினர் அவர். பின்னர்க் கிரேசி குடும்பம் ரியோ டி ஜனைரோ நகருக்குப் பெயர்ந்தது. கார்லோசும் அவருடைய தம்பியரும் அங்கே பயிற்சிக்கூடம் நடத்தினர்.

தம்பியருள் இளையவரான எலியோ கிரேசி 1913-இல் பிறந்தவர். இளமையில் அவர் மெலிந்து நலிந்திருந்ததாகக் குடும்பத்தார் கூறுவர். வலியவர் வலிமையால் செய்வதை அவரால் செய்ய இயலவில்லை. ஆகவே ஒவ்வொரு பிடியையும் எடுத்து, இதில் வலிமை எங்கே செலவாகிறது, அதைக் குறைக்க வழி யாது என்று ஆராய்ந்து திருத்திக்கொண்டார். அவரும் அவர் தமையனும் இவ்வாறு உருவாக்கிய முறையே இன்று பிரேசில் ஜுஜுத்சு என வழங்குகிறது.

இதன் நுட்பத்தை நம் நாட்டுக் குஸ்தியோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். வடநாட்டு நகரங்களில் வாழும் நம்மவர், அக்காடாக்களில் பதப்படுத்திய மண்ணில் பயில்வான்கள் பொருதுவதைப் பார்த்திருப்பர். எதிரியின் முதுகை மண்ணில் படவைத்தால் அங்கே ஆட்டம் முடிந்தது. விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லும் நம் பழமொழிக்காரனும் அந்தத் தோல்வியைத்தான் மறைக்கப் பார்க்கிறான். பிரேசில் ஜுஜுத்சுவிலோ முதுகு மண்ணில் படுவது தோல்வியன்று; பல வேளைகளில் அதுவே போரின் தொடக்கம். கீழே கிடப்பவர் மேலிருப்பவரின் இடையைத் தம் இரு கால்களாலும் வளைத்துக்கொள்கிறார். மேலிருப்பவரின் குத்துக்கு வீச்சுக் குறைகிறது; அவருடைய கழுத்தும் கைகளும் கீழிருப்பவருக்கு எட்டும் தொலைவில் அகப்படுகின்றன.

அகப்பட்டபின் நடப்பவை இரண்டு. முதலாவது, மூட்டுப் பூட்டு. கடப்பாரையால் பாறையைப் பெயர்ப்பவன் பாறையினும் வலியவனல்லன். நெம்புகோலின் இயல்பை அறிந்தவன். அதுபோல எதிரியின் ஒரு முழங்கையை எதிர்த்துத் தம் இடுப்பு, தொடை, முதுகு ஆகிய அனைத்தின் வலியையும் ஒருமுகப்படுத்தினால், எத்துணைத் திரண்ட கையும் தாங்காது. இரண்டாவது, கழுத்துப் பிடி. மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாளங்கள் கழுத்தின் இருபுறமும் உள்ளன. அவற்றை ஒருசேர அழுத்தினால், பத்து நொடி அளவில் நினைவு தப்பும். தசை எவ்வளவு பெருத்திருந்தாலும் குருதி நாளத்திற்கு அது காவலாகாது.

இவற்றோடு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதுவே இக்கலையின் உயிர்நாடி. பிடியில் அகப்பட்டவர் எதிரியின் உடலிலோ தரையிலோ கையால் தட்டினால், பிடி அக்கணமே விடப்படும். எலும்பு முறியுமுன், நினைவு தப்புமுன், தோற்றதை ஒப்புக்கொள்ளும் குறி அது. இந்தத் தட்டு இல்லையேல் இவ்வித்தையை எவரும் கற்க இயலாது. இன்று பழக வந்தவர் நாளை கட்டுப்போட்ட கையோடு வீட்டில் இருப்பார். தட்டுவதற்கு இடம் இருப்பதால்தான் முழு வலிமையோடு பொருதவும், தோற்றவர் எழுந்து மறுபடியும் முயலவும் முடிகிறது.

ஆனால் கோதாவில் மானம் குறுக்கே நிற்கும். 1951-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள், ரியோவின் மரக்கானா விளையாட்டரங்கில், ஜப்பானின் தலைசிறந்த ஜூடோ வீரரான மசாஹிகோ கிமுராவை எலியோ எதிர்த்தார். கிமுரா எடையிலும் வலியிலும் மிக்கவர். எலியோவின் கையை அவர் முதுகுப்புறமாகத் திருகிப் பூட்டினார். எலும்பு முறிந்தது, எலியோ தட்டவில்லை. தமையனாராகிய கார்லோசே குறுக்கிட்டுப் போட்டியை நிறுத்தினார். அதன்பின் கிரேசி குடும்பத்தார் செய்தது நினைவிற்கொள்ளத்தக்கது. தம்மவரின் கையை முறித்த அந்தப் பூட்டைத் தாமும் கற்றனர். அதற்குக் கிமுரா என்றே பெயரிட்டும் வழங்கினர். இன்று உலகெங்கும் அதற்கு அதுவே பெயர்.

எலியோவின் மைந்தர்களுள் ஒருவரே ராய்ஸ். 1966-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் ரியோவில் பிறந்த அவர், இளம்பருவத்திலேயே கலிபோர்னியாவில் இருந்த தமையன் ரோரியனிடம் சென்று, அவருடைய பயிற்சிக்கூடத்தில் துணைநின்றார். தம் குடும்ப வித்தையை அமெரிக்கருக்கு மெய்ப்பிக்க விரும்பிய ரோரியன், வேறு சிலரோடு கூடி ஒரு போட்டியை ஏற்பாடு செய்தார். எண்கோண வடிவில் கம்பிவேலி சூழ்ந்த களம், எண்மர் போட்டியாளர். எடைப் பிரிவு இல்லை. மதிப்பெண் இடும் நடுவர் இல்லை. கடிப்பதும் கண்ணைத் தோண்டுவதும் விலக்கப்பட்டன. வென்றவருக்கு 50,000 டாலர் பரிசு. கட்டணம் செலுத்துவோர் தொலைக்காட்சியில் வீட்டிலிருந்தே காணலாம்.

குடும்பத்தில் ராய்ஸினும் திண்மை மிக்கவராகக் கருதப்பட்ட ரிக்சன் இருந்தார். ஆயினும் ராய்ஸே தேர்ந்தெடுக்கப்பட்டார். பார்வைக்கு அஞ்சத்தக்க உருவம் அவருக்கு இல்லாமையே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. திரண்ட தோளுடையவர் வென்றால் மக்கள் தோளைப் புகழ்வர்; மெலிந்தவர் வென்றால் வித்தையைப் புகழ்வர் அல்லவா?

முதலில் எதிர்நின்றவர் ஆர்ட் ஜிம்மர்சன் என்னும் குத்துச்சண்டை வீரர். ஒரு கைக்கு மட்டும் உறையணிந்து வந்தார். ராய்ஸ் அவரைக் கீழே தள்ளி மேலேறி அமர்ந்ததுமே, செய்வதறியாது தட்டிவிட்டார். அடுத்தவர் கென் ஷாம்ராக், கட்டுமஸ்தான மல்லர். கழுத்துப் பிடியில் அகப்பட்டுத் தட்டினார். இறுதியில் நின்றவர் காலுதையில் வல்ல ஒல்லாந்து வீரர் ஜெரார்ட் கோர்டோ, அவரும் தட்டினார். மூன்று போட்டிகளும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்து நிமிடமே நீடித்தன. இங்கே ஒன்றை மறைக்கவேண்டுவதில்லை. அன்று எதிர்த்தோருள் பெரும்பாலோர்க்குத் தரையில் நடக்கும் போர் பழக்கமில்லை. ராய்ஸ் அறிந்திருந்ததை அவர்கள் அறிந்திருக்கவில்லை; வெற்றியின் பாதி அந்த அறியாமையில் இருந்தது.

1994 மார்ச்சில் பதினாறு பேர் கலந்துகொண்ட இரண்டாம் போட்டியில், ஒரே இரவில் நால்வரை வென்று மீண்டும் முதலிடம் பெற்றார். அவ்வாண்டு செப்டம்பரில் கிமோ என்னும் பெருவலியரை வென்றார். ஆனால் மிகக் களைத்தமையால் அடுத்த சுற்றுக்கு இறங்க இயலாமல் விலகினார். டிசம்பரில் துல்சா நகரில் நடந்த நான்காம் போட்டியின் இறுதிச்சுற்று அவர் வாழ்வின் உச்சம். எதிர்நின்ற டான் செவர்ன் தேர்ந்த மல்யுத்த வீரர். எடை 115 கிலோகிராமுக்கும் மேல். கால்மணி நேரம் ராய்ஸ் அவருக்கு அடியிலேயே கிடந்தார். பார்த்தோர் பலர் முடிவு தெரிந்துவிட்டது என்றே எண்ணியிருப்பர். திடீரென ராய்ஸின் கால்கள் உயர்ந்து, செவர்னின் கழுத்தையும் ஒரு கையையும் முக்கோணமாகச் சுற்றிப் பூட்டின. செவர்ன் தட்டினார். நிகழ்ச்சிக்கு ஒதுக்கிய நேரம் கடந்துவிட்டமையால், வீட்டிலிருந்த பலருக்கு அந்த முடிவு தெரியுமுன்னே ஒளிபரப்பு நின்றுபோயிற்று.

வென்று காட்டிய வித்தை மறைந்திருக்க முடியாது. மல்யுத்த வீரரும் குத்துச்சண்டை வீரரும் தரைப்போரைப் பயிலத் தொடங்கினர். 1995 ஏப்ரலில் ஷாம்ராக் மீண்டும் எதிர்த்தபோது 36 நிமிடம் பொருதும் வெற்றி தோல்வி இல்லை. ராய்ஸ் அத்தொடரை விட்டு விலகினார். அடுத்து வந்த ஆண்டுகளில் எடைப் பிரிவு, கையுறை, சுற்றுகள், மதிப்பெண் நடுவர் ஆகிய ஒழுங்குகள் ஏற்பட்டன.

2000-ஆம் ஆண்டு மே முதல் நாள், டோக்கியோவில் கசுஷி சகுராபா என்னும் ஜப்பானிய மல்லரை ராய்ஸ் எதிர்த்தார். சகுராபா முந்திய ஆண்டு ராய்ஸின் சகோதரர் ராய்லரைக் கிமுரா பூட்டினாலேயே வென்றவர். அப்போட்டியை நடுவர் இடையில் நிறுத்தியதைக் கிரேசி குடும்பத்தார் ஏற்கவில்லை. ஆகவே இம்முறை நடுவர் நிறுத்தலாகாது, சுற்றுகளுக்கு எல்லை இல்லை என்று விதி கேட்டுப் பெற்றனர். பதினைந்து பதினைந்து நிமிடமாக ஆறு சுற்றுகள், மொத்தம் 90 நிமிடம் பொருதனர். காலில் பட்ட உதைகளால் ராய்ஸுக்கு நிற்கவும் இயலவில்லை, அவர் தட்டவுமில்லை. அவர் தரப்பினரே துண்டை எறிந்து முடித்தனர். தந்தைக்கு மரக்கானாவில் நேர்ந்தது, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் மகனுக்கும் நேர்ந்தது.

எஞ்சியதைச் சுருங்கச் சொல்லலாம். 2003-இல் ஷாம்ராக்கும் ராய்ஸும் அத்தொடரின் புகழ் மண்டபத்தில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டனர். 2006-இல் மாட் ஹியூஸ் என்னும் சாம்பியனிடம் முதல் சுற்றிலேயே தோற்றார். 2007-இல் சகுராபாவை மறுபடி எதிர்த்து வென்றார். ஆனால் அப்போட்டியையொட்டிய சோதனையில் தடைசெய்யப்பட்ட மருந்து இருந்ததாகக் கண்டு, கலிபோர்னியா மாநில ஆணையம் அவருக்கு அபராதமும் தடையும் விதித்தது. வலிமையை மிஞ்சுவது வித்தை என்று காட்டியவரின் வரலாற்றில் இது ஒரு கறையே. 2016-இல், 49 வயதில், ஷாம்ராக்கை மீண்டும் வென்றதே அவருடைய கடைசிப் போட்டி.

பின்வந்த பிரேசில் வீரர்கள் அவரினும் உயர்ந்த நிலை எய்தினர். ஆண்டர்சன் சில்வா 2006 முதல் 2013 வரை தம் எடைப் பிரிவில் பட்டத்தைக் காத்தார். அமாண்டா நூனெஸ் என்னும் வீராங்கனை 2018-இல் இரு எடைப் பிரிவுகளின் பட்டங்களை ஒருசேரப் பெற்றார். அவர்களை எதிர்த்தோரும் தரைப்போர் அறிந்தவரே. ஒருவர் மட்டும் அறிந்திருந்ததை இன்று யாவரும் அறிவர். ராய்ஸ் தோற்கத் தொடங்கியதற்கு அதுவே காரணம். அவர் செய்த பெருஞ்செயலும் அதுவே.

இன்று தில்லி, மும்பை, பெங்களூரு முதலிய நம் நகரங்களிலும் பிரேசில் ஜுஜுத்சு கற்பிக்கும் கூடங்கள் உள்ளன. தம் மகனையோ மகளையோ அங்குச் சேர்க்க எண்ணும் பெற்றோர், முதலில் ஒரு மாலைப்பொழுது சென்று பார்த்தல் நலம். சுவரிலுள்ள பதக்கங்களை எண்ணவேண்டா. ஒரு மாணவர் தட்டியதும் பிடி உடனே விடப்படுகிறதா, தட்டியவர் கூசாமல் எழுந்து மறுமுறை கைகோக்கிறாரா, ஆசிரியரும் தம் மாணவரிடம் அகப்பட்டால் தட்டுகிறாரா என்று பார்த்தால் போதும். அப்படி நடக்கும் இடத்தில் மெலிந்த பிள்ளையும் அச்சமின்றிக் கற்கும்.