கப்பலின் கழிகுழாயும் வளிமண்டல அமுக்கமும்

கப்பலின் அடித்தளத்திற் கசிந்து தேங்கும் நீரை வெளியேற்றுதற்குப் பம்பியும் கழிகுழாயும் உள. பம்பி நின்றவிடத்து அக்குழாயே கடலைக் கப்பலுள் அழைத்துவரும் வழியாக மாறக்கூடும் என்பது பலர்க்கு வியப்பளிக்கும்.

பீப்பாயிலுள்ள மண்ணெண்ணெயை இறப்பர்க் குழாயால் இறக்குவதை யாவரும் கண்டிருப்பர். குழாய் ஒருமுறை நிரம்பிவிட்டால், எண்ணெய் பீப்பாயின் விளிம்பைக் கடந்து தாழ்ந்த கலத்துள் தானாகவே விழும். இதனைச் சைபன் என்பர். பாய்ச்சலின் திசையைத் துணிவன இருபுறத்து நீர்மட்டங்களே. கப்பலிலோ உயர்ந்த மட்டம் கடலினுடையது; தாழ்ந்தது அடித்தளத்தினுடையது. கழிகுழாயின் வெளிவாய் நீர்க்கோட்டுக்கு மேலே இருக்கும்வரை தீங்கில்லை. பாரம் ஏறியோ, காற்றாற் சாய்ந்தோ அவ்வாய் அமிழ்ந்திருக்கையிற் பம்பி நின்றால், நிரம்பிய குழாயினூடு கடல்நீர் உட்பாயும். மையநீக்கப் பம்பி நின்ற நிலையில் நீரைத் தடுப்பதில்லை.

குழாயை நீர்க்கோட்டுக்கு மேலே உயர்த்தி வளைத்தாற் போதாதோ? போதாது. 1644இல் தொரிசெல்லி விளக்கியவாறு வளிமண்டலம் 76 சென்ரிமீற்றர் இரசத்தைத் தாங்கும்; இரசம் நீரினும் 13.6 மடங்கு அடர்த்தியுடையதாதலின், ஏறக்குறைய 10.3 மீற்றர் நீரையும் தாங்கும். இரண்டு மூன்று மீற்றர் வளைவு சைபனுக்கு ஒரு தடையன்று. ஆதலின் வளைவின் உச்சியில் வளி புகுதற்கு ஒரு சிறு வால்வு வேண்டும். பம்பி தள்ளுங்கால் நீரின் அமுக்கம் அதனை மூடிவைக்கும். பம்பி நின்றதும் உச்சியில் அமுக்கம் குறைய, வால்வு திறந்து வளி நுழையும். நீர்நிரல் இரண்டாக அறும். கப்பல் சாய்ந்தபோதும் இவ்வால்வு கடல்மட்டத்துக்கு மேலேயே நிற்றல் வேண்டும். கீழே அமைந்தால் கடலின் அமுக்கமே அதனை மூடிவிடும். உப்புப் படிந்து ஒட்டிக்கொண்ட வால்வும் இல்லாததற்கு ஒப்பானதே.

நீரை ஒரு திசையிலேயே செல்லவிடும் மீள்தடை வால்வும் உண்டு. 1966ஆம் ஆண்டுச் சர்வதேசச் சுமைக்கோட்டு உடன்படிக்கையின் 22ஆம் விதி பெருங்கப்பல்களின் கழிகுழாய்களுக்கு இதனை வேண்டுகின்றது. மேற்றளத்திலிருந்து மூடும் வசதியையும் பொதுவாக உடன் வேண்டுகின்றது. அதற்குத் தக்க காரணம் உண்டு: ஒரு கந்தற்றுணியோ மரச்சிராயோ சிக்கினால் மீள்தடை வால்வு முற்றாக மூடாது. சிறு படகுகளில் இதனை மட்டும் நம்பியிருத்தல் என் கருத்திற் பொருந்தாது.

வளியை உள்ளே விடாமை தாங்கிகளுக்கும் கேடாம். நீரை வெளியேற்றும்போது தாங்கியின் வளிக்குழாய் அடைபட்டிருந்தால் உள்ளே வெற்றிடம் வளரும். உள்ளமுக்கம் வளிமண்டலத்திற் பத்திலொரு பங்கு குறைந்தாலும், ஒவ்வொரு சதுர மீற்றர்த் தகட்டின்மீதும் ஏறக்குறைய ஒரு தொன் சுமை அழுந்தும். வர்ணம் பூசுவோர் வளிக்குழாயின் வாயிற் கட்டிய சீலையை அவிழ்க்க மறந்தால், இரும்புத் தாங்கியும் உட்குழிந்து நசுங்கும்.