65 வெள்ளி இயர்பட்ஸ்: பெட்டியில் போட்டிருப்பதை எவ்வளவு நம்பலாம்?

இரவுச் சந்தையில் 25 வெள்ளி, இணைய அங்காடியில் கழிவு போக 49 வெள்ளி, பட்டணத்துக் கைப்பேசிக் கடையில் 65 வெள்ளி. விலைதான் வேறு. பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒரு சிறு பேழை, அதற்குள் கம்பியில்லாத இரண்டு இயர்பட்ஸ். எதை வாங்குவது?

நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு அது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 சென் ஆகிறது. ஆகவே, கடையில் இருக்கும் அந்தச் சிறு பேழை ஒரு தொழிலாளியின் ஒரு நாள் உழைப்பு. வாங்கிய மூன்றே மாதத்தில் ஒரு பக்கம் கேட்காமல் போனால், போவது அந்த ஒரு நாள் சம்பளம்தான். அதனால், காசு கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கத் தேவையில்லை என்று தெரிந்துகொள்வது நல்லது.

‘30 மணி நேரம்’ என்றால் என்ன?

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் மின்கலக் கணக்கு. ‘30 மணி நேரம்’ என்று போட்டிருந்தால், காதில் மாட்டியபடியே 30 மணி நேரம் கேட்கலாம் என்று பொருளில்லை. இயர்பட்ஸ் ஒரு முறைக்கு 6 மணி நேரம் தாங்கும். பேழை அதற்கு மேலும் நான்கு முறை மின்னேற்றித் தரும். எல்லாம் சேர்த்து 30. அதிலும் அந்த 6 மணி நேரம், ஒலியைப் பாதி அளவில் வைத்துச் சோதித்த கணக்காக இருக்கலாம். ஒலியைக் கூட்டினாலோ, அதிகம் பேசினாலோ நேரம் குறையும். எனவே, ‘ஒரு முறை மின்னேற்றினால் எத்தனை மணி நேரம்?’ என்றுதான் கடைக்காரரிடம் கேட்க வேண்டும்.

12 மணி நேர வேலை பார்க்கும் பாதுகாவலருக்கு 6 மணி நேரம் போதாதே என்று தோன்றலாம். அதற்கு வழி உண்டு. பெரும்பாலான இயர்பட்ஸை ஒரு காதில் மட்டும் போட்டும் பயன்படுத்தலாம். ஒன்று காதில் இருக்கும்போது மற்றொன்று பேழையில் மின்னேறிக்கொண்டிருக்கும். மாற்றி மாற்றிப் போட்டால் முழு நாளும் ஓடும். சுற்றி நடப்பதும் காதில் விழும். வாங்கும்போது ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து மாட்டி, அது தனியாக வேலை செய்கிறதா என்று பார்த்துவிடலாம்.

புளூடூத் 5.0, 5.3 என்ற எண்களுக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. அந்த எண் ஏறுவதால் மட்டும் பாட்டின் தரம் ஏறாது. ‘13 மில்லிமீட்டர்’ என்பது உள்ளிருக்கும் ஒலிபெருக்கியின் அளவு. அது பெரிதாக இருப்பதாலேயே ஒலி நன்றாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது.

ஓர் எழுத்தில் ஏமாறுவது

பலர் குழம்புவது ஏ.என்.சி., இ.என்.சி. என்ற இரண்டு குறிப்புகளில்தான். ஏ.என்.சி. இருந்தால், வெளி இரைச்சல் உங்கள் காதுக்குக் குறைவாகக் கேட்கும். இ.என்.சி. அப்படியல்ல. நீங்கள் பேசும்போது, உங்களைச் சுற்றியுள்ள இரைச்சல் எதிர்முனையில் இருப்பவருக்குப் போகாமல் குறைப்பது அது. இ.என்.சி. என்று மட்டும் போட்ட பெட்டியை வாங்கி, ‘பேருந்துச் சத்தம் குறையவே இல்லை’ என்று நொந்துகொள்வதில் பயனில்லை.

ஏ.என்.சி. உள்ள கருவியும் எல்லாச் சத்தத்தையும் அடக்கிவிடாது. பேருந்து எஞ்சின், குளிர்சாதனம் போன்ற தொடர் இரைச்சலைத்தான் அது நன்றாகக் குறைக்கும். பக்கத்தில் இருப்பவரின் பேச்சு கேட்கத்தான் செய்யும்.

முதலில் காதுக்குப் பொருந்த வேண்டும்

ஒரே இயர்பட்ஸ் அண்ணனுக்கு நன்றாகக் கேட்கும், தங்கைக்குத் தகரச் சத்தமாகக் கேட்கும். பழுது கருவியில் இருப்பதில்லை. காதுத் துளையை ரப்பர் முனை சரியாக மூடவில்லை என்றால் தபேலா, மிருதங்கத்தின் அடிநாதம் வெளியே கசிந்துவிடும். பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவு முனைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிலருக்கு இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்தாது. வலப்பக்கம் ஓர் அளவு, இடப்பக்கம் ஓர் அளவு போடுவதில் தவறில்லை.

மாட்டியபின் வாயை அகலத் திறந்து மூடி, தலையை இருபுறமும் ஆட்டிப் பார்க்க வேண்டும். நழுவினால் அளவை மாற்ற வேண்டும். ரப்பர் முனை காதை உறுத்துகிறது என்பவர்களுக்கு, முனையில்லாமல் காது மடலில் உட்காரும் வகை உண்டு. அதில் வெளிச்சத்தம் தாராளமாகக் கேட்கும்.

அம்மாவிடம் பேசிப் பாருங்கள்

இயர்பட்ஸ் வாங்கும் பலர் பாட்டு கேட்பதைவிட அதிகமாக அதில் பேசுகிறார்கள். ஜொகூர் பாருவில் வேலை செய்யும் மகன் சுங்கை சிப்புட்டில் இருக்கும் தாயாருடன் பேசுவதற்கும் அதுதான். ஆனால், ஒலிவாங்கி வாயிலிருந்து தள்ளி, காதருகில் இருப்பதால் விலை குறைந்த கருவிகள் தடுமாறுவது இங்கேதான். அமைதியான கடைக்குள் பேசிப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். வாகனங்கள் போகும் சாலையோரம் நின்று வீட்டுக்கு ஓர் அழைப்பு செய்து, ‘என் குரல் தெளிவாகக் கேட்கிறதா?’ என்று கேட்பதே சரியான சோதனை.

அழைப்பு வந்ததும் ஒலியின் தரம் சட்டென்று மங்கினால் பயப்பட வேண்டாம். ஒலிவாங்கி இயங்கும்போது புளூடூத் வேறு முறைக்கு மாறுவதால் அப்படி ஆகிறது. படம் பார்க்கும்போது வாயசைவும் குரலும் ஒட்டாமல் போவதும் உண்டு. கடையிலேயே ஒரு காணொளியை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மழை, வியர்வை, வானொலி

நம் வெயிலுக்கும் மாலை மழைக்கும் குறைந்தது ஐ.பி.எக்ஸ்.4 குறியீடு இருப்பது நல்லது. எந்தப் பக்கமிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும் என்பது அதன் பொருள். அது பெரும்பாலும் இயர்பட்ஸுக்கு மட்டும்தான், பேழைக்குப் பொருந்தாது. வியர்வையோடு அப்படியே பேழையில் போட்டு மூடினால், மின்னேற்றும் உலோகப் புள்ளிகள் துருப்பிடிக்கும். ‘ஒரு பக்கம் கேட்கவில்லை’ என்ற புகாருக்கு இதுவும், வலையில் அடைத்துக்கொள்ளும் காது அழுக்கும் காரணமாகலாம். காய்ந்த துணியால் துடைத்துவிட்டு வைத்தால் நாள்பட உழைக்கும்.

தோட்டத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எஃப்.எம். வசதியுள்ள கைப்பேசிகளில் இயர்போனின் கம்பிதான் ஏரியலாக வேலை செய்கிறது. கம்பியில்லா இயர்பட்ஸுக்கு அந்த வேலை தெரியாது. மின்னல் எஃப்.எம். கேட்க ஆர்.டி.எம். கிளிக் செயலிக்குப் போக வேண்டும். அதற்கு இணையத் தரவும் அலைவரிசையும் தேவை. அலைவரிசை சரியாக எட்டாத தோட்டங்களில் வானொலிக்காகவே வாங்குவதாக இருந்தால், பழைய கம்பி இயர்போனே மேல். விலையும் குறைவு, மின்னேற்றவும் வேண்டாம்.

காதும் உயிரும்

வாரத்திற்கு 80 டெசிபல் ஒலியை 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அதுவே 90 டெசிபல் ஆனால் வாரத்திற்கு 4 மணி நேரம்தான். ஒலியை முழு அளவில் 60 விழுக்காட்டுக்குக் கீழ் வைப்பது எளிய வழி. காதில் சரியாகப் பொருந்தும் இயர்பட்ஸில் குறைந்த ஒலியே போதும் என்பதால், ரப்பர் முனையின் அளவு காது நலனுக்கும் முக்கியம்.

தொழிற்சாலை இயந்திரச் சத்தத்துக்குக் கொடுக்கப்படும் காதுக் காப்புக்கு இயர்பட்ஸ் மாற்றாகாது. செம்பனை மரத்தடியில் குலை வெட்டுபவரும், மோட்டார் ஓட்டுபவரும் இதைக் கழற்றி வைப்பதே நல்லது. மேலிருந்து விழும் மட்டையும் பின்னால் வரும் லோரியும் முதலில் காதுக்குத்தான் தெரியும்.

ரசீது வாங்காமல் வராதீர்கள்

மலேசியாவில் விற்கப்படும் புளூடூத் கருவிகளுக்குச் சிரிம் சான்றும், தொடர்பு பல்லூடக ஆணையத்தின் முத்திரையும் இருக்க வேண்டும். ஒலி நன்றாக இருக்கும் என்பதற்கான சான்று அல்ல அது. ஆனாலும், தொழில்நுட்பத் தர விதிகளுக்கு உட்பட்டு முறையாக விற்பனைக்கு வந்த பொருள் என்பதற்கு அடையாளம். பிரபல நிறுவனத்தின் சின்னத்தோடு 25 வெள்ளிக்குக் கிடைப்பது அசலாக இருக்க வாய்ப்பில்லை.

உள்ளிருக்கும் சிறு மின்கலத்தை மாற்ற முடியாது என்பதால் இது பத்தாண்டு உழைக்கும் பொருள் அல்ல. அதனால்தான் ஓராண்டு உத்தரவாதத்துக்கு மதிப்பு அதிகம். ஒன்றிரண்டு வெள்ளி கூடினாலும் உத்தரவாதம் தரும் கடையே மேல்.

வாங்கிய முதல் வாரத்திலேயே பேருந்திலும் வேலையிடத்திலும் நன்றாகப் பயன்படுத்திப் பார்த்துவிட வேண்டும். குறையுள்ள பொருளை விற்பனையாளர் மாற்றித் தர மறுத்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் வழக்கறிஞர் இல்லாமலே மனு செய்யலாம். இணையத்தில் வாங்கிய பொருளுக்கும் இது பொருந்தும். ‘65 வெள்ளிக்கு யார் அலைவது?’ என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஒரு நாள் சம்பளம் என்று நினைத்துப் பார்த்தால், ரசீதைப் பத்திரமாக எடுத்து வைக்கத் தோன்றும்.