பாறையைக் கடிக்கும் கிளி

பவளப்பாறைப் பக்கம் முங்கி எழுந்தவர்கள் நிறங்களைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். கொஞ்சம் காதைத் தீட்டியிருந்தால் வேறொன்றையும் சொல்லியிருப்பார்கள். பக்கத்து அறையில் யாரோ முறுக்கு கடிப்பது போல நறுக், நறுக்கென்று ஒரு சத்தம். கடிப்பது கிளிமீன். அலகு போன்ற வாயால் அந்தப் பெயர்.

அந்த அலகு, ஒன்றோடொன்று இறுகிய சுமார் 1,000 பற்களால் ஆனது. செம்பையும் வெள்ளியையும் விடக் கடினம். முன்வரிசை தேய்ந்து உதிர்ந்தால் அடுத்த வரிசை முன்னே வரும். தொண்டைக்குள் இன்னொரு பல்வரிசை திரிகையாக நின்று, கடித்த கல்லை மாவாக்குகிறது. இரைப்பை என்ற ஒன்று இதற்கு இல்லை. அரைத்த மாவு நேராகக் குடலுக்குப் போய், உணவு உறிஞ்சப்பட்டபின் மணலாக வெளியே விழும். மாலத்தீவின் வக்காரு தீவைச் சுற்றிய பாறையில் புதிதாக உருவாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளிமீன்களின் கைங்கரியம் என்று 2015இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. தேனிலவுக்குப் போகிறவர்கள் படுத்துப் புரளும் வெண்மணல் எந்த வழியாக வந்தது என்பதை விடுதிக்காரர்கள் விளம்பரத்தில் போடுவதில்லை.

பாறையைத் தின்கிற மீன் பாறைக்குப் பகைதானே என்று தோன்றும். நெற்றி புடைத்த பெரிய இனம் ஒன்று உயிருள்ள பவளத்தையும் கடித்து விழுங்கும் என்பது உண்மை. பெரும்பாலானவை சுரண்டுவதோ செத்த பாறையின் மேல் படர்ந்த பாசியையும், கல்லுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்களையும். அந்தச் சுரண்டலில்தான் பாறையின் பிழைப்பே இருக்கிறது. பவளத்தின் குஞ்சு நீரில் மிதந்து வந்து, சுத்தமான கெட்டித் தரை கிடைத்தால்தான் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபிறகும் அவசரமில்லாத வளர்த்திதான். உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் ஏறினாலே பெரிது. பாசிக்குச் சில நாட்கள் போதும். பேருந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டு போடுகிற ஆள் அது. துண்டை எடுத்து எறிய ஒருவர் வேண்டும்.

அப்படி ஒருவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஜமைக்கா காட்டிவிட்டது. அங்கே பல தலைமுறைகளாகக் கம்பிக்கூடு வைத்துப் பிடித்ததில் மேய்கிற மீன்கள் அருகிவிட்டன. ஆனாலும் பாறை தாக்குப்பிடித்தது. நீண்ட கருமுட்கள் கொண்ட கடல் முள்ளெலி ஒன்று அந்த வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தது. அதை யாரும் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. 1980இல் ஆலன் புயல் பவளங்களை நொறுக்கிப் போட்டது. 1983இல் ஏதோ ஒரு நோய் வந்து கரீபியக் கடல் நெடுக முள்ளெலிகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் மாண்டன. அதன்பின் பாசிக்குத் தடையேயில்லை. 1970களின் கடைசியில் ஜமைக்கா பாறைகளில் பாதிக்கு மேல் உயிர்ப்பவளம் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் 5 விழுக்காடுகூட இல்லை. பாசி 90ஐத் தாண்டியிருந்தது. ஒருவருக்குப் பதிலாள் இருக்கிறார் என்பதால் அவர் தேவையில்லை என்று ஆகிவிடாது. பெலீஸ் 2009இல் கிளிமீன் பிடிக்கத் தடை போட்டது. மறு ஆண்டு பொனேர் தீவு.

மன்னார் வளைகுடாவின் கதையில் குற்றவாளி வேறு. பார் என்று மீனவர்கள் சொல்லும் பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்தோம். 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் கடலுக்குள் போயின. வெட்டு நின்றபின் பாசி வேறு வடிவில் வந்தது. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்னும் கடற்பாசி குருசடைத் தீவின் பவளங்கள்மேல் ஏறிப் போர்த்தியிருப்பது 2008இல் தெரியவந்தது. 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. கிளிமீனோ, அதைப் போலவே பாசி மேயும் ஓரா மீனோ கடலைக் குளிர்விக்காது; வெந்துபோன இடத்தில் அடுத்த குஞ்சு ஒட்ட இடம் கொடுக்கும், அவ்வளவுதான்.

செத்த பாறை அமைதியாகிவிடும் என்பதை ஆஸ்திரேலியாவின் பெரும் தடுப்புப் பவளத்திட்டில் பார்த்தார்கள். பாறை மீன்களின் குஞ்சுகள் திறந்த கடலில் வளர்ந்து, வீடு தேடி வரும்போது காதையும் நம்பி வருகின்றன. லிசார்டு தீவருகே 2017இல் உடைந்த பவளத் துண்டுகளைச் சிறு குவியல்களாக வைத்து, சிலவற்றில் மட்டும் நீரடி ஒலிபெருக்கி பொருத்தி, நல்ல பாறையின் சத்தத்தை இரவில் ஓட விட்டார்கள். 40 நாட்களில் சத்தமிட்ட குவியல்களில் மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு மீன்கள் சேர்ந்திருந்தன. வந்து குடியேறியவற்றில் பாசி மேய்கிற மீன்களும் இருந்தன.