வீட்டுத் தோட்டத்தில் ஆப்பிள் மரம்

ஆப்பிள் நறுக்கும்போது விழும் விதையைத் தொட்டியில் ஊன்றி, தினமும் தண்ணீர் விட்டுக் காத்திருக்கும் குழந்தை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். விதை முளைக்கவும் கூடும். ஆனால் ‘தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை’ என்பது ஆப்பிளுக்குப் பொருந்தாது! இனிப்புப் பழத்தின் விதையில் வந்த மரம் புளிப்புக் காயைத் தந்தாலும் தரும். ஆகவே, ஒட்டுக்கன்றுதான் வாங்க வேண்டும்.

அதிலும் ஜாதி பார்த்து வாங்குவது அவசியம். ஆப்பிளுக்குக் குளிர்காலத் தூக்கம் உண்டு. காஷ்மீர், சிம்லா ஜாதிகளில் பெரும்பாலானவற்றுக்கு 7 டிகிரிக்கும் குறைந்த குளிர் ஏறக்குறைய 1,000 மணி நேரம் கிடைக்க வேண்டும். நம் ஊரில் அதற்கு எங்கே போவது? இது தெரியாமல் அந்தக் கன்றை வாங்கி வைத்தால், பணத்தோடு நாலைந்து வருஷமும் வீணாகும். இலை தழைக்கும், பூவைத்தான் காணோம்!

குறைந்த குளிரே போதும் என்கிற ஜாதிகளும் இருக்கின்றன. இஸ்ரேல் தந்த ‘அன்னா’ ஒன்று. பஹாமாஸ் தீவில் ஐரீன் டார்செட் என்ற அம்மாள் கண்டெடுத்த ‘டார்செட் கோல்டன்’ மற்றொன்று. ஹிமாசலப் பிரதேச விவசாயி ஹரிமன் சர்மா உருவாக்கிய ‘எச்.ஆர்.எம்.என்.-99’ மூன்றாவது, அவருக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கடற்கரை ஊர்களைவிட, ஓசூர், ஏற்காடு போல இரவில் குளிரும் ஊர்களில் இவற்றை நம்பிக்கையோடு வைக்கலாம்.

ஒற்றை மரம் போதாது. வேறு ஜாதியின் மகரந்தம் கிடைத்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். அன்னாவுக்கு டார்செட் கோல்டன் நல்ல ஜோடி. பூக்கும் சமயத்தில் பூச்சி மருந்து தெளிக்காதீர்கள். மகரந்தம் கொண்டு வரும் தேனீக்கள் மடிந்துவிடும்.

நல்ல வெயில் படும் இடத்தில் 2 அடி ஆழம், 2 அடி அகலத்தில் குழி எடுங்கள். மக்கிய தொழு உரத்தை மண்ணோடு கலந்து நிரப்பி, ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரியும்படி நடுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

குளிர் குறைந்த ஊரில் மரம் தானாக இலை உதிர்க்காது. கன்று வேரூன்றி வளர்ந்த பின், மார்கழி அல்லது தை மாதத்தில் இலைகளைக் கையாலேயே உருவிவிட்டு, காய்ந்த கிளைகளையும் குறுக்கே ஓடும் கிளைகளையும் கவாத்துச் செய்யுங்கள். புதுத் துளிரோடு மொட்டும் வரும். ஜாவா தீவில் பாத்து என்ற ஊரில் இப்படி இலை உருவியே வருஷத்துக்கு இரண்டு போகம் எடுக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. முதல் இரண்டு வருஷம் பிஞ்சு பிடித்தால் கிள்ளி எறிந்துவிடுங்கள். மனம் கேட்காதுதான். ஆனால் இளங்கன்றுக்குச் சுமை கூடாது. அதற்குள் வேர் பலப்பட்டுவிட்டால், பிறகு பல வருஷங்களுக்கு மரம் உங்களுக்குப் பழம் தரும்.