பாட்டு ஊருக்கு, பெயர் யாருக்கு?

கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா என்று எங்கே ஒலிபெருக்கி கட்டினாலும் சில ஆண்டுகளாக ஒரு பாட்டு தவறாமல் ஒலிக்கிறது: 'என்ஜாயி எஞ்சாமி'. ஊர்த்தெருவிலும் அது பாடுகிறது, காலனியிலும் பாடுகிறது. நம் பிள்ளைகள் ஆடுகிற அதே பாட்டுக்கு, நம்மைத் தங்கள் வாசற்படி ஏற விடாத வீடுகளின் பிள்ளைகளும் ஆடுகிறார்கள்.

2021 மார்ச் 7 அன்று யூடியூபில் வெளியான பாட்டு இது. எந்தத் திரைப்படத்திலும் வராத தனிப்பாடல். பெரிய நடிகர் யாரும் அதில் இல்லை. ஆனாலும் அதன் பார்வை எண்ணிக்கை 40 கோடியைத் தாண்டியது. கேரளக் காவல்துறை கொரோனா விழிப்புணர்வுக்கு அந்த மெட்டையே எடுத்துக்கொண்டது. எழுதிப் பாடியவர் 'தெருக்குரல்' அறிவு. உடன் பாடியவர் தீ. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். ஏ.ஆர்.ரகுமானின் ஆதரவோடு தொடங்கப்பட்ட 'மாஜா' வெளியிட்டது. அரக்கோணத்துக்காரரான அறிவு, பா.இரஞ்சித் முன்னின்று உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் மேடைகளில் பாடி அறியப்பட்டவர்.

எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளிடம் ஒருநாள் கேட்டோம். பாட்டு தெரியுமா? எல்லாக் கைகளும் உயர்ந்தன. எழுதியவர் யார்? பாதிக் கைகள். அது யாருடைய கதை? ஒரு கையும் இல்லை. சற்றுப் பொறுத்து ஒரு மாணவி மட்டும் எழுந்து, "எங்க ஆயாகூட கண்டியிலதான் பொறந்துச்சாம்" என்றாள். பதில் அங்கேதான் இருந்தது.

அது அறிவின் பாட்டியின் கதை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த நிலமற்ற கூலிகளில் ஒருவர் அவர். ஆங்கிலேயர் காலத்தில் தமிழ் மாவட்டங்களிலிருந்து முதலில் காபித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆட்களைக் கொண்டுபோனார்கள். போனவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். காட்டை அழித்துத் தோட்டமாக்கியவர்கள் அவர்கள். ஆனால் 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று இரண்டு அரசுகளும் தலைகளைப் பங்கு போட்டன. எங்கே இருக்க விருப்பம் என்று அந்த மக்களைக் கூட்டி யாரும் கேட்கவில்லை. கப்பலில் வந்து இறங்கியவர்களில் பலர் நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் மீண்டும் கூலிகளாகவே நின்றார்கள். நட்ட செடி அங்கே நின்றது. நட்டவருக்கு இரு கரையிலும் ஒரு பிடி மண் இல்லை.

தலைப்பில் இருக்கும் 'எஞ்சாமி' என்ற சொல்லைப் பாருங்கள். 'சாமி' என்பது நம் முன்னோர் பண்ணையார் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்ன சொல். அதே சொல்லை வீட்டுக்குள் நம் பாட்டிகள் பேரப்பிள்ளையின் கன்னத்தைத் தடவி, "என் சாமி" என்று சொல்வார்கள். வாசலில் அச்சத்தின் சொல், அடுப்படியில் அன்பின் சொல். இந்தப் பாட்டு அந்த இரண்டாவது பொருளைத்தான் உலகத்துக்குக் கொண்டுபோனது. ஒப்பாரியையும் ராப்பையும் ஒரே மூச்சில் சேர்த்ததும் அப்படித்தான். இரண்டும் இழந்தவர்களின் பேச்சு.

பாட்டு வென்றது. அடுத்து எழுந்தது பெயர் பற்றிய கேள்வி. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும், அறிவு வரிகள் எழுதிய இன்னொரு பாட்டைப் பாடிய கலைஞரும் இருந்தார்கள். அறிவு இல்லை. இரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பிய பிறகு அறிவுக்குத் தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இந்தப் பாட்டைப் பாடினார்கள். மாரியம்மாள் மண்ணின் பாடகி. அவர் மேடை ஏறியதில் நமக்கு மகிழ்ச்சியே. அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார். பாட்டில் தன் உழைப்பு என்ன என்பதைப் பொதுவெளியில் எழுதினார். அறிவின் பங்கை எங்கும் மறைக்கவில்லை, உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்று மற்ற இருவரும் விளக்கினார்கள். 2024 மார்ச்சில், பாட்டின் வருமானம் மூவருக்குமே வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் சொன்னார். நிறுவனமும் தன் தரப்பைச் சொன்னது.

யார் பங்கு எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல. ஆனால் அந்த அட்டையைப் பார்த்து நம் மக்களுக்குச் சுருக்கென்றது ஏன்? ஊர் கூடித் தேர் இழுக்கும்போது பறை முன்னால் போகும். பந்தி போடும்போது பறை அடித்தவர் கடைசியில் நிற்பார். உழைப்பை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடும் பழக்கத்தை நாம் நெடுங்காலமாகப் பார்க்கிறோம். அதனால்தான் ஒரு படத்தில் ஒரு முகம் இல்லை என்றாலும் வலிக்கிறது.

இது நமக்கு மட்டும் நேர்வதல்ல. ஹிப்ஹாப் பிறந்தது நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஏழைக் கறுப்பின, லத்தீன் இளைஞர்களிடம். 1979-ல் வந்த 'ராப்பர்ஸ் டிலைட்' அந்த இசையின் முதல் பெரிய வெற்றி. அதில் ஒரு பகுதி கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற இளைஞரின் நோட்டுப் புத்தகத்திலிருந்து வந்தது. அவருடைய மேடைப்பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் இடம்கூட அப்படியே பதிவானது. பாடியவர் அவர் அல்ல. இசைத்தட்டில் எழுதியவராக அவர் பெயர் இல்லை.

மாணவத் தோழர்களே, பெயரை எழுதிவைப்பது தற்பெருமை அல்ல, உரிமை. 2012-ல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய ராயல்டிப் பங்கை அவர்கள் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது என்கிறது. எந்த ஒப்பந்தத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். புரியாவிட்டால் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பாட்டை இணையத்தில் ஏற்றும் முன் எழுதியவர், பாடியவர், தாளம் அடித்தவர் என எல்லாப் பெயர்களையும் எழுதுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நடவிலும் சாவு வீட்டிலும் நம் பாட்டிகள் கட்டிய பாட்டுகளுக்குப் பெரும்பாலும் பெயரே இல்லை. தொகுத்தவர் பெயர் அட்டையில் இருக்கும், பாடியவர் பெயரைத் தேட வேண்டியிருக்கும். இன்று எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. உட்கார்ந்து கேளுங்கள், பதிவு செய்யுங்கள்.

ஆயா கண்டியில் பிறந்ததாகச் சொன்ன அந்த மாணவி இரண்டு வாரம் கழித்து ஒரு நோட்டோடு வந்தாள். கொழுந்து பறிக்கும்போது பாடிய பாட்டுகள் என்று பதினோரு பாட்டுகளை எழுதியிருந்தாள். முதல் பக்கத்தில் பாட்டு இல்லை. ஆயாவின் பெயரும், பிறந்த தோட்டத்தின் பெயரும், கப்பல் ஏறிய ஆண்டும் இருந்தன.