சொற்களால் ஆன கணனி விளையாட்டும் எம் பிள்ளைகளின் தமிழும்

எம் பிள்ளைகள் கணனியின் முன்னே அமர்ந்துவிட்டால் டொச் மொழியும் ஆங்கிலமுமே அவர்களை ஆட்கொள்கின்றன. வார இறுதியில் தமிழ்ப் பாடசாலையில் கற்ற தமிழுக்கு அங்கே வேலை இருப்பதில்லை. அதற்கு வேலை கொடுக்கக்கூடிய ஒருவகை விளையாட்டைப் பெற்றோருக்கு அறிமுகப்படுத்த விரும்புகின்றோம்.

இவ்விளையாட்டில் படங்கள் இல்லை, யாவும் எழுத்தே. "நீங்கள் முற்றத்தில் நிற்கின்றீர்கள். வடக்கே ஒரு கிணறு" எனத் திரை கூறும். "வடக்கே போ", "வாளியை எடு" என நாம் எழுத எழுதக் கதை நகரும்.

இதன் தொடக்கம் பிரிவொன்றில் உள்ளது. வில் குரோதர் என்னும் அமெரிக்கக் கணனியியலாளர், மணமுறிவின் பின்னர் தம் இரு பெண்பிள்ளைகளும் தம்மிடம் வரும்போது விளையாடுவதற்காக, 1970களின் நடுப்பகுதியில் முதல் விளையாட்டை எழுதினார். கென்ரக்கி மாநிலத்து மமத் குகையில் தாம் நடந்து திரிந்த வழிகளையே அவர் சொற்களாக்கினார். 1977இல் டொன் வூட்ஸ் அதனை விரிவாக்கினார்.

பின்னர், இத்தகைய விளையாட்டுகளைப் படைப்பதற்கான கருவிகள் தோன்றின. 1993இல் பிரித்தானியரான கிரஹாம் நெல்சன் 'இன்ஃபோர்ம்' என்பதை வெளியிட்டார். அறை, பொருள், திசை, கட்டளை ஆகியவற்றைக் கருவியே கையாளும். எழுதுபவர் தம் கதையைக் கவனித்தாற் போதும். 2006இல் வந்த அதன் புதிய வடிவம் சாதாரண ஆங்கில வாக்கியங்களையே செய்நிரலாக ஏற்றது.

ஆனால், ஆங்கிலத்திற்கென அமைந்த கருவி டொச் மொழிக்கு அப்படியே பொருந்தவில்லை. 'டெர் ஷ்லூசல்' என்னும் திறப்பை எடுக்கச் சொன்னால் அது 'டென் ஷ்லூசல்' ஆகின்றது. கதவைத் திற என்பதற்கு 'மாக் டீ த்யூர் அவ்ஃப்' என வினைச்சொல்லே இரண்டாகப் பிரிகின்றது. எனவே ஜேர்மனிய ஆர்வலர்கள் 'இன்ஃபோர்ம்' கருவியைத் தம் இலக்கணத்திற்கேற்ப மாற்றியமைத்தனர். 'ரெக்ஸ்ற் அட்வெஞ்சர் ஜெனரேற்றர்' என்னும் தனிக்கருவியையும் உருவாக்கினர்.

தமிழுக்கும் இதுவே வழி. வீடு 'வீட்டை' ஆகும், மரம் 'மரத்தை' ஆகும், வினை இறுதியில் நிற்கும் என்பவற்றை அறிந்த கருவி வேண்டும். இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் கணனியியல் பயின்ற எம் இளையோர் இப்பணியைக் கையிலெடுக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. கிறிஸ் கிளிமாஸ் 2009இல் வெளியிட்ட 'ருவைன்' என்னும் கருவி இலவசமானது. இங்கே விளையாடுபவர் கட்டளை எழுதுவதில்லை. திரையிலுள்ள சொற்களில் ஒன்றைத் தெரிவு செய்து அடுத்த பக்கத்திற்குச் செல்கிறார். ஆதலால் கருவிக்கு இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழில் எழுதினாற் போதும்.

பெற்றோரே, உங்கள் ஊர் வீட்டிலிருந்து தொடங்குங்கள். படலையைத் திறந்தால் முதலில் தெரிவது எது? கிணற்றடி எப்பக்கம்? கோவிலுக்குச் செல்லும் குறுக்கு ஒழுங்கை எங்கே பிரிகின்றது? பிள்ளை கேட்கட்டும், அம்மம்மாவும் அப்பப்பாவும் சொல்லட்டும், பிள்ளையே தமிழில் எழுதட்டும். அவ்வீடுகளுட் பல இன்று இல்லை. அவற்றின் வழிகளை அறிந்தோரும் முதுமை எய்திவிட்டனர். அவர்கள் சொல்லும் காலத்திலேயே எழுதிக்கொள்வோம்.